பழைய பிஎஸ்பியும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும்

"தம்பி, இது கேம் தானே?"

ஜீரோத் ரிவ்யூல என் முதல் ஸ்லைடு முடியறதுக்குள்ள பேனல்ல இருந்து வந்த கேள்வி. ஆமா சார், கேம்தான், ஆனா நாங்க புதுசா கேம் உருவாக்கல, ஏற்கெனவே இருக்குற ஒண்ணை ஒரு பழைய கையடக்க கேம் மெஷின்ல ஓடற மாதிரி போர்ட் பண்ணப் போறோம்னு சொன்னேன். பக்கத்துல இருந்தவர் சிரிச்சாரு. "பைரசி எல்லாம் காலேஜ் பேர்ல பண்ண முடியாதுப்பா. சமுதாயத்துக்குப் பயன்படற மாதிரி ஏதாவது கொண்டு வாங்க." மூணே நிமிஷம், முடிஞ்சுது. பேனல்ல யாருன்னு கேட்காதீங்க மக்களே, எனக்கு இன்னும் வைவா பாக்கி இருக்கு.

அடுத்த வாரம் நாங்க மூணு பேரும் சமுதாயத்துக்குப் பயன்படற ப்ராஜெக்ட்டோட போனோம்: முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடற சிஸ்டம். உடனே ஓகே. அன்னைக்கு சாயங்காலம் டிபார்ட்மென்ட் லைப்ரரியில இதே தலைப்புல இருக்கிற பழைய ரிப்போர்ட்டுகளை எண்ண ஆரம்பிச்சேன். ஏழு வந்ததும் நிறுத்திட்டேன்.

இன்னொரு விஷயமும் உங்க எல்லாருக்கும் தெரியும், யாரும் வெளிய சொல்ல மாட்டோம். ப்ராஜெக்ட் சென்டர். பணம் கட்டினா சோர்ஸ் கோடு, பிபிடி, ரிப்போர்ட் எல்லாம் ஒரே பேக்கேஜ். ரிவ்யூல என்ன கேட்பாங்கன்னு விளக்க ஒரு கிளாஸ் இலவசம். அப்படி வாங்கின ப்ராஜெக்ட் ரிவ்யூல பாஸ் ஆகுது. நாமளே உட்கார்ந்து ஒவ்வொரு லைனா எழுதற போர்ட்டுக்குப் பேரு பைரசி. இந்தக் கட்டுரை அந்த முரண்பாட்டைப் பத்தினதுதான். என் கருத்தை நேராவே சொல்லிடறேன்: பழைய மெஷின்ல ஒரு கேமை போர்ட் பண்றது, நாலு வருஷ இன்ஜினியரிங்ல நாம பண்ணக்கூடிய நேர்மையான ப்ராஜெக்ட்டுகள்ல ஒண்ணு. அதை மார்க் போடற வேலையா காலேஜ் ஏத்துக்கணும்.

பிரான்ஸ்ல இருந்து வந்த பெட்டி

என் கதை ஒரு சூட்கேஸ்ல ஆரம்பிக்குது. புதுச்சேரில பாதிப் பேருக்கு இந்த சூட்கேஸ் தெரியும். ஜூலை மாசம் பிரான்ஸ்ல இருந்து சொந்தக்காரங்க வருவாங்க; சாக்லேட், சென்ட், அளவு சரியா இல்லாத ஒரு ஜாக்கெட். நான் மூணாங்கிளாஸ் படிக்கும்போது சித்தப்பா கொண்டு வந்த சூட்கேஸ்ல ஒரு பிஎஸ்பி இருந்துச்சு. பிஎஸ்பி ஸ்ட்ரீட்னு சோனி 2011-ல ஐரோப்பாவுல விட்ட மலிவு மாடல். விலையைக் குறைக்க வைஃபையை எடுத்துட்டாங்க, ஸ்பீக்கர் கூட ஒண்ணுதான். மெனு எல்லாம் பிரெஞ்சு. ஆயாகிட்ட போய்க் காட்டினேன். "பாராமேத்ர்னா செட்டிங்ஸ் மாதிரிடா, ழூன்னா விளையாட்டு"ன்னு அவங்கதான் படிச்சுச் சொன்னாங்க. எங்க வீட்டுல ஆயாவுக்கு மட்டும்தான் அந்த மெஷினோட பேசத் தெரிஞ்சது.

கூட வந்த ரெண்டு டிஸ்க்கும் அலுத்துப்போக, அது அலமாரிக்குப் போயிடுச்சு. செகண்ட் இயர்ல திரும்ப எடுத்தேன். பேட்டரி உப்பியிருந்துச்சு. தெருமுனை மொபைல் சர்வீஸ் கடை அண்ணன் திருகாணியைக் கழட்டி வேற பேட்டரி போட்டுக் கொடுத்தாரு. அப்போதான் ஹோம்ப்ரூன்னு ஒரு உலகம் இருக்கறது தெரிஞ்சுது: கம்பெனி அனுமதி இல்லாம, ஆர்வத்துக்காக மட்டும், இந்த மாதிரி மெஷினுக்கு சாஃப்ட்வேர் எழுதறவங்க.

முதல்ல நான் பண்ணது என்னன்னு ஒளிக்காம சொல்றேன். காசு கொடுக்காம முழு கேம் ஃபைல்களை இறக்கி விளையாடினேன். அது பைரசிதான். போர்ட் பத்திப் பேசறவன் இதை மறைச்சா கட்டுரைக்கு மரியாதை இல்ல.

மூணும் ஒண்ணு இல்ல

நம்ம ஊர்ல போர்ட்னா தேங்காய்த்திட்டு துறைமுகம்தான் ஞாபகத்துக்கு வரும். அதனால கொஞ்சம் விளக்கிடறேன். பேனலும் சரி, ஹாஸ்டல் நண்பர்களும் சரி, மூணு விஷயத்தை ஒண்ணாப் போட்டுக் குழப்பறாங்க.

பைரசின்னா, அடுத்தவன் விக்கிற பொருளைக் காசு கொடுக்காம நகல் எடுக்கறது. அதுல இன்ஜினியரிங் எதுவும் கிடையாது, டவுன்லோட் பட்டன் மட்டும்தான். எமுலேட்டர்னா, ஒரு மெஷினை இன்னொரு மெஷினுக்குள்ள சாஃப்ட்வேராலயே நடிக்க வைக்கிறது. போர்ட்னா, அந்த ப்ரோக்ராமையே புது மெஷினுக்கு ஏத்த மாதிரி மாத்தி, அந்த மெஷின்லயே நேரடியா ஓட வைக்கிறது. ஒழுங்கான ஹோம்ப்ரூ போர்ட்ல கேமோட படம், பாட்டு, மேப் எதுவும் இருக்காது. அதை நீங்க வாங்கின காப்பில இருந்து நீங்கதான் எடுத்துக் கொடுக்கணும்.

இதுல பெரிய ஆளுங்க என்ன பண்ணியிருக்காங்கன்னு ரெண்டு உதாரணம்.

ஒண்ணு, சூப்பர் மரியோ 64. 1996-ல நின்டெண்டோ 64-க்கு வந்த கேம். அதோட சோர்ஸ் கோடை நின்டெண்டோ வெளியிடல. ரசிகர்கள் சிலர் அந்த மெஷின் கோடை ஒவ்வொரு ஃபங்ஷனாப் படிச்சு, அதை சி மொழில திரும்ப எழுதினாங்க. கணக்கு எவ்வளவு கறார்னா, எழுதின சி கோடை அந்தக் காலத்து கம்பைலர்ல போட்டா வர்ற ஃபைல், ஒரிஜினல் கேமோட ஒரு பைட் கூட மாறாம ஒத்துப்போகணும். 2019-ல அது வெளிய வந்துச்சு. சி கோடு கிடைச்சிடுச்சுன்னா அப்புறம் எந்த மெஷினுக்கும் கொண்டு போகலாம் இல்லையா? கம்ப்யூட்டர், பிஎஸ்பி, வீட்டா, 3டிஎஸ்னு போனது போக, 4 எம்பி ரேமும் 67 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸரும் உள்ள நின்டெண்டோ டிஎஸ்-க்கும் போச்சு. டிஎஸ்-ல தசமப்புள்ளிக் கணக்குக்குத் தனி ஹார்ட்வேரே கிடையாது. மரியோ குதிக்கிறது, கேமரா திரும்பறது எல்லாமே தசமக் கணக்கு. அதை முழு எண்ணா மாத்திப் போடணும், இல்லன்னா சாஃப்ட்வேர்லயே போட்டு மெதுவாப் போகணும். எங்க தோராயம் பண்ணலாம், எங்க பண்ணக் கூடாதுன்னு முடிவு எடுக்கறதுதான் அங்க முழு வேலையும்.

ரெண்டாவது, ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ். நாம எல்லாரும் சின்ன வயசுல பக்கத்து வீட்டு கம்ப்யூட்டர்ல சீட் கோடு அடிச்சு விளையாடினது. 2021-ல த ஃப்ளோ, ரின்னேகடமன்டேன்னு ரெண்டு ஹோம்ப்ரூ ஆளுங்க இதை பிஎஸ் வீட்டால ஓட வெச்சாங்க. இங்க சோர்ஸ் கோடே இல்ல. அவங்க கவனிச்சது ஒரு விஷயம்: ஆண்ட்ராய்டு போன்ல இருக்கறதும் ஏஆர்எம் ப்ராசஸர், வீட்டால இருக்கறதும் ஏஆர்எம் ப்ராசஸர். அப்போ ஆண்ட்ராய்டு கேமுக்குள்ள இருக்கிற கோடை அப்படியே வீட்டாவோட மெமரில ஏத்தினா ப்ராசஸருக்குப் புரியும். புரியாதது என்னன்னா, அந்தக் கோடு ஆண்ட்ராய்டுகிட்ட கேட்கிற உதவிகள்: ஃபைலைத் திற, சத்தம் போடு, முக்கோணம் வரை.

இதைக் கல்யாண சமையல் மாதிரி யோசிங்க. காரைக்கால்ல இருந்து ஒரு சமையல் மாஸ்டரை நம்ம மண்டபத்துக்குக் கூட்டிட்டு வர்றோம். அவரோட கைப்பக்குவம் மாறாது. ஆனா 'அடுப்பு எங்க, அண்டா எங்க, தண்ணி எங்க'ன்னு நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்பாரு. ஒவ்வொரு கேள்விக்கும் நம்ம மண்டபத்துல இருக்கிறதைக் காட்டிக் கொடுக்கிற ஆள்தான் போர்ட் பண்றவர். ஒரு இடத்துல தப்பாக் கை காட்டினா பந்தியே நின்னுடும். விளையாடறவங்க ஆண்ட்ராய்டு பதிப்பைச் சொந்தமா வாங்கி, அந்த ஃபைல்களைத் தாங்களே கொண்டு வரணும். இதே வழில அப்புறம் எத்தனையோ ஆண்ட்ராய்டு கேம்கள் வீட்டாவுக்கு வந்துச்சு.

பதினாறு பிக்ஸல் கோடு

ரிவ்யூல தள்ளினாலும் நான் விடல. மூணு மாசம் ராத்திரில உட்கார்ந்து என் பிஎஸ்பி ஸ்ட்ரீட்ல டூம் கேமை ஓட வெச்சேன். டூம் 1993-ல வந்தது. 1997-ல ஐடி சாஃப்ட்வேர் கம்பெனியே சோர்ஸ் கோடை வெளியிட்டாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு ஜிபிஎல் உரிமத்துக்கும் மாத்தினாங்க. அதனால சட்டச் சிக்கல் ஏதும் இல்ல. பிஎஸ்பில டூம் ஓடறது உலகத்துக்குப் புதுசும் இல்ல, நான் ஸ்கூல்ல சேர்றதுக்கு முன்னாடியே யாரோ பண்ணிட்டாங்க. எனக்குத்தான் புதுசு.

டூம்ஜெனரிக்னு ஒரு ஓபன் சோர்ஸ் வடிவம் இருக்கு. அதுல மெஷினைப் பொறுத்த வேலை எல்லாம் ஆறே ஃபங்ஷன்ல அடங்கிடும்: தொடங்கு, படத்தைத் திரைல காட்டு, எந்த பட்டன் அழுத்தினாங்கன்னு சொல்லு, மணி என்ன, கொஞ்சம் தூங்கு, விண்டோவுக்குப் பேர் வை. கடைசியது பிஎஸ்பிக்குத் தேவையே இல்ல. மீதி அஞ்சை எழுதினா போதும். ஒரு வாரம்னு நினைச்சேன்.

முதல் தடவை ஓட்டினப்போ திரை முழுக்கச் சாய்ஞ்சு, புயல்ல அடிபட்ட கீற்றுக்கொட்டகை மாதிரி வந்துச்சு. ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன். பிஎஸ்பி திரையோட அகலம் 480 பிக்ஸல். ஆனா மெமரில ஒரு வரி முடிஞ்சு அடுத்த வரி ஆரம்பிக்கிற இடைவெளி 512. ஒவ்வொரு வரியும் 32 பிக்ஸல் தள்ளித் தள்ளி விழுந்திருக்கு. ஒரு நம்பரை மாத்தினேன், நேராச்சு. அடுத்து, சிவப்பா வர வேண்டிய ரத்தம் நீலமா வந்துச்சு. கேம் நிறத்தை அடுக்கற வரிசை வேற, பிஎஸ்பி எதிர்பார்க்கிற வரிசை வேற.

மூணாவது பிரச்சினைதான் எனக்கு வாழ்க்கைப் பாடம். லேப்டாப்ல பிபிஎஸ்எஸ்பிபி எமுலேட்டர்ல கேம் பளிச்சுனு ஓடுது. நிஜ பிஎஸ்பில போட்டா, திரையெங்கும் சின்னச் சின்னக் கோடுகள். பழைய படத்தோட துண்டுகள் அங்கங்க ஒட்டிக்கிட்டு இருக்கு. ஸ்க்ரீனை போன்ல போட்டோ எடுத்து ஜூம் பண்ணி எண்ணினேன். ஒவ்வொரு கோடும் பதினாறு பிக்ஸல் நீளம். ஒரு பிக்ஸலுக்கு 4 பைட். பதினாறு பெருக்கல் நாலு, அறுபத்து நாலு.

அறுபத்து நாலு பைட்டுங்கறது அந்த ப்ராசஸரோட கேஷ்ல ஒரு வரியோட அளவு. நான் எழுதின பிக்ஸல் எல்லாம் கேஷ்லயே தங்கிடுச்சு. திரைக்குப் படம் அனுப்பற ஹார்ட்வேர் கேஷைப் பார்க்காம நேரா மெமரியைப் பார்க்குது, அங்க இன்னும் பழசு இருக்கு. கேஷைக் காலி பண்ணி மெமரிக்குத் தள்ற ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டேன், கோடு எல்லாம் மறைஞ்சுது. எமுலேட்டர் இந்த கேஷை அப்படியே நடிச்சுக் காட்டறதில்ல, அதனாலதான் அங்க இந்தத் தப்பு தெரியல.

கேஷ் கோஹெரன்ஸ் பத்தி பத்து மார்க் கேள்விக்கு பதில் எழுதியிருக்கேன். டயக்ராம் போட்டு, அடிக்கோடு போட்டு, எட்டரை மார்க் வாங்கியிருக்கேன். சத்தியமாச் சொல்றேன், அது என்னன்னு எனக்கு அந்த ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் புரிஞ்சுது.

பேனலுக்கு நான் சொல்ல விரும்பினது இதுதான். அட்டெண்டன்ஸ் ப்ராஜெக்ட்ல நாங்க ரெடிமேடா கிடைக்கிற லைப்ரரியைக் கூப்பிட்டோம், அது முகத்தைக் கண்டுபிடிச்சுது. உள்ள என்ன நடக்குதுன்னு எங்க மூணு பேர்ல ஒருத்தருக்கும் முழுசாத் தெரியாது. போர்ட்ல அப்படி ஒளிய முடியாது. மெமரி இவ்வளவுதான், ப்ராசஸர் இவ்வளவுதான், தப்புப் பண்ணா திரைலயே தெரியும். ப்ராஜெக்ட் சென்டர்ல வாங்கவும் முடியாது. ஏன்னா பேனல் எந்த லைனைக் காட்டி ஏன்னு கேட்டாலும், அந்த லைனுக்காகத் தூக்கம் தொலைச்சவனால மட்டும்தான் பதில் சொல்ல முடியும்.

சரி, சட்டம்?

பேனலோட பயத்துல நியாயமே இல்லன்னு சொல்ல மாட்டேன். ஜிடிஏ 3, வைஸ் சிட்டி ரெண்டையும் இதே மாதிரி திரும்ப எழுதின ஒரு ரசிகர் குழு, 2021 பிப்ரவரில கோடை வெளியிட்ட கொஞ்ச நாள்லயே, உரிமை வெச்சிருக்கிற டேக்-டூ கம்பெனி கிட்ஹப்ல இருந்து அதை எடுக்க வெச்சுது. அதே வருஷம் செப்டம்பர்ல அமெரிக்காவுல கேஸும் போட்டாங்க. கேம் ஃபைல் எதையும் அவங்க கூடக் கொடுக்கல, இருந்தும் கேஸ். அதனால எல்லா போர்ட்டும் பாதுகாப்பானதுன்னு ஜூனியர்ஸுக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா நம்ம நாட்டுச் சட்டத்தையும் ஒரு தடவை எடுத்துப் படிக்கலாமே. 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம், 52-வது பிரிவு. முறையாக வாங்கிய சொந்தக் காப்பியில் இருந்து, வியாபார நோக்கம் இல்லாத சொந்த உபயோகத்துக்காக, ஒரு கம்ப்யூட்டர் ப்ரோக்ராமை நகல் எடுப்பதும் மாற்றி அமைப்பதும் பதிப்புரிமை மீறல் ஆகாதுன்னு அதுல இருக்கு. தனியா எழுதின ஒரு ப்ரோக்ராம் மத்த ப்ரோக்ராம்களோட சேர்ந்து வேலை செய்யத் தேவையான தகவலைத் தெரிஞ்சுக்கறதுக்கும் அதே பிரிவுல இடம் இருக்கு. 2012-ல சேர்த்த 65ஏ பிரிவு, பூட்டை உடைக்கிறதைக் குற்றம்னு சொல்லும்போதும், உரிமையை மீறும் நோக்கத்தோட உடைச்சாங்கறதைச் சேர்த்தே சொல்லுது. நான் வக்கீல் இல்ல, இதை நம்பி யாரும் கோர்ட்டுக்குப் போகாதீங்க. ஆனா 'கேம்னாலே பைரசி'ன்னு மூணு நிமிஷத்துல தீர்ப்புச் சொல்ற அளவுக்கு விஷயம் சுலபம் இல்ல. அந்தச் சந்தேகமும் வேண்டாம்னா டூம், க்வேக் மாதிரி சோர்ஸ் கோடு வெளியான கேம்கள் இருக்கு. அங்க யாருக்கும் பயம் தேவையில்ல.

நம்ம கபடியும் அந்த டிஸ்க்லதான்

சமுதாயத்துக்கு என்ன பயன்னு கேட்டாங்க இல்லையா, அதுக்கும் ஒரு பதில் இருக்கு.

2023-ல வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்ங்கற அமைப்பு ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. 2010-க்கு முன்னாடி அமெரிக்காவுல வந்த பழைய கேம்கள்ல 87 சதவீதம் இன்னைக்குக் கடையில வாங்கவே கிடைக்காது. 3டிஎஸ்-ஓட ஆன்லைன் கடையை நின்டெண்டோ 2023 மார்ச்ல மூடிடுச்சு. பிஎஸ்3, வீட்டா கடைகளை மூடப்போறோம்னு சோனி 2021-ல சொல்லிட்டு, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்குச்சு. எத்தனை நாளைக்குன்னு நமக்குத் தெரியாது.

இது வெளிநாட்டுக்காரங்க கவலைன்னு நினைக்காதீங்க. 2009-ல ஐதராபாத்ல இருக்கிற கேம்சாஸ்த்ரா கம்பெனி 'தேசி அட்டா'ன்னு ஒரு கேம் பண்ணாங்க. கபடி, கிட்டிப்புள், பட்டம் விடறது எல்லாம் அதுல விளையாட்டு. பிஎஸ்2-க்கும் பிஎஸ்பிக்கும் வந்துச்சு. அதே வருஷம் 'ஹனுமான்: பாய் வாரியர்'ங்கற பிஎஸ்2 கேமும் ஐதராபாத்லயேதான் உருவாச்சு. இந்தியாவுல கன்சோல் கேம் பண்ண ஆரம்பிச்சவங்களோட முதல் முயற்சிகள் இதெல்லாம். சுமாரான கேம்தான், ஆனா நம்மது. அந்த டிஸ்க் சுத்தற மோட்டார் தேய்ஞ்சு போகும், பேட்டரி உப்பும், அப்புறம்? மரியோவைக் காப்பாத்த உலகம் முழுக்க ஆள் இருக்கு. நம்ம கபடியைக் காப்பாத்த நாமதான் கத்துக்கணும். அதுக்குத் தேவையான கைவேலை, பழைய மெஷினோட உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்ச இந்த ஹோம்ப்ரூ வேலைதான்.

அதனால நான் கேட்கறது மூணே விஷயம்.

ஒண்ணு, தேர்ட் இயர் மைக்ரோப்ராசஸர் லேப்ல ஒரே ஒரு மினி ப்ராஜெக்ட்டாவது போர்ட்டா இருக்கட்டும். பிஎஸ்பிக்கு கம்பைலர் இலவசம், ஓபன் சோர்ஸ். மெஷின் இல்லாதவங்க எமுலேட்டர்ல ஆரம்பிக்கலாம்; ஆனா லேப்ல நிஜ மெஷின் ஒண்ணாவது இருக்கணும். ஏன்னு என் பதினாறு பிக்ஸல் கோடு சொல்லும். 8085 கிட்ல ரெண்டு நம்பரைக் கூட்டறதை விட இதுக்கு ஆள் வருவாங்க.

ரெண்டு, ரிவ்யூல தலைப்பைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. எந்தப் ப்ராஜெக்ட்டா இருந்தாலும் கோடுல ஏதோ ஒரு இடத்தைத் தொட்டு 'இது ஏன் இங்க இருக்கு'ன்னு கேளுங்க. ப்ராஜெக்ட் சென்டர் தானாக் காலியாகும்.

மூணாவது ஜூனியர்ஸுக்கு. நம்ம ஊர்ல எத்தனையோ வீட்டு அலமாரில பிரான்ஸ் சூட்கேஸ்ல வந்த பிஎஸ்பியும் டிஎஸ்ஸும் தூங்குது. ஆக்கர்கிட்ட போடறதுக்கு முன்னாடி எடுத்துச் சார்ஜ் போட்டுப் பாருங்க. அடுத்தவங்க பண்ண போர்ட்டை மெமரி கார்டுல காப்பி பண்ணி விளையாடறதோட நிறுத்தாம, அதோட கோடைத் திறந்து ஒரே ஒரு ஃபைலைப் படிங்க. தனியாப் பண்ண பயமா இருந்தா, கட்டற்ற மென்பொருள் பத்திப் பேச புதுச்சேரில எஃப்எஸ்எச்எம், விழுப்புரத்துல விஜிளக்னு குழுக்கள் இருக்கு. போய் உட்காருங்க, கேள்வி கேளுங்க. தமிழ்லயே கேட்கலாம்.

போன ஜூலைல சித்தப்பா வந்தப்போ அந்த பிஎஸ்பியைக் கையில கொடுத்தேன். "இன்னும் இது ஓடுதா?"ன்னு ஆச்சரியப்பட்டாரு. ரெண்டு நிமிஷம் விளையாடிட்டு, ஆயாகிட்ட காட்டப் போனாரு. மெனு இன்னும் பிரெஞ்சுலதான் இருக்கு. அதுக்குக் கீழ நான் சேர்த்த கேமோட பேர் மட்டும் தமிழ்ல. அந்தத் தமிழ் எழுத்து அந்த மெனுல வராததால, படமா வரைஞ்சு போட்டிருக்கேன்.

பேனல் சார்ங்க யாராவது இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். வைவா அன்னைக்கு அட்டெண்டன்ஸ் சிஸ்டத்தைக் காட்டி முடிச்சதும் எனக்கு அஞ்சு நிமிஷம் கொடுங்க. பாக்கெட்ல பிஎஸ்பி இருக்கும், முழு சார்ஜோட.